பில்லியன்னா நூறு கோடியா, லட்சம் கோடியா?

நீங்க கேட்டத மொதல்ல நான் புரிஞ்சிக்கிட்ட மாதிரி சொல்லிடறேன், ஏன்னா ஒரு கேள்விக்குள்ள மூணு கேள்வி ஒட்டிக்கிட்டு இருக்கு. உங்க அப்பா வச்சிருந்த பழைய ஆங்கில அகராதியில பில்லியன்னா மில்லியன் மில்லியன்னு போட்டிருக்கு, உங்க பையன் வீட்டுப்பாடத்துக்காகப் போன்ல தேடினா ஆயிரம் மில்லியன்னு வருது, அப்போ எது தப்புன்னு ஒண்ணு. அத தமிழ்ல சொல்லணும்னா நூறு கோடியா லட்சம் கோடியான்னு ரெண்டாவது. குடும்ப வாட்ஸ்அப்ல வந்த பட்டியல், கோடிக்கு மேல அற்புதம், நிகற்புதம், கும்பம், கணம்னு இருபது சைபர் வரைக்கும் ஏறிக்கிட்டே போகுதே, அது நெசந்தானான்னு மூணாவது. இதுக்கெல்லாம் அடியில இருக்கறது ஒரே சந்தேகம்தான்னு நெனைக்கிறேன்: எண்ணு ஒண்ணா இருக்கும்போது பேரு மட்டும் ஏன் ஊருக்கு ஊரு மாறுது, காசுன்னு வந்தா எத நம்பறது.

நான் கணக்கு வாத்தியாரும் இல்ல, தமிழ்ப் பண்டிதரும் இல்ல, அத மொதல்லயே சொல்லிடறேன். பினாங்குல லெபோ பாசார் பக்கத்துல மசாலா சரக்கு எறக்குமதி பண்ற கடையில கிராணியா, அதாவது குமாஸ்தாவா, நுழைஞ்சு இருவத்தாறு வருஷமா கணக்குப் பொஸ்தகத்தோடயே குடித்தனம் நடத்தறவன். இந்தியாவுல இருந்து வர்ற பில்லு லட்சத்துல வரும், இந்தோனேசியாவுல இருக்கற மேடான்காரன் வேற மாதிரி எழுதுவான், எங்க தவுக்கே, அதாவது சீன மொதலாளி, ஹொக்கியன்ங்கற சீன பாஷையில பேசுவாரு, பேங்க்ல மில்லியன்ல கேப்பாங்க. இந்த நாலுக்கும் நடுவுல நின்னுதான் நான் இதக் கத்துக்கிட்டேன்.

நேரா பதில் வேணும்னா இந்தாங்க. இன்னிக்கு மலேசியாவுல, பேப்பர்லயோ பேங்க்லயோ பட்ஜெட்லயோ, பில்லியன்னா 1,000,000,000, ஒன்பது சைபர், நூறு கோடி. டிரில்லியன்னா பன்னெண்டு சைபர், லட்சம் கோடி. இதுல சந்தேகமே வேணாம். ஆனா உங்க அப்பாவோட அகராதியும் பொய் சொல்லல, அது அச்சான காலத்துக்கு அதுதான் சரி.

கதை என்னன்னா, மில்லியன்ங்கறதே இத்தாலிக்காரன் சொல்லு, ஆயிரத்துக்கு அவன் சொல்ற மில்லேவ ஊதிப் பெருசாக்கி பெரிய ஆயிரம்ங்கற அர்த்தத்துல வச்சது. 1484-ல நிக்கோலா ஷூக்கேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் பெரிய எண்கள ஆறு ஆறு சைபரா வெட்டிப் பேரு வச்சாரு. பி-ன்னா ரெண்டு, அதனால மில்லியன ரெண்டு தடவ பெருக்கினா பில்லியன், பன்னெண்டு சைபர். டிரி-ன்னா மூணு, மூணு தடவ பெருக்கினா டிரில்லியன், பதினெட்டு சைபர். எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க, பேரப் பாத்தாலே சைபர் எத்தனைன்னு தெரிஞ்சிடும். அப்புறம் 17-ம் நூற்றாண்டுல அதே பிரான்ஸ்ல கொஞ்சப் பேரு ஆறுக்குப் பதிலா மூணு மூணா வெட்ட ஆரம்பிச்சிட்டாங்க, அதுல பில்லியனுக்கு ஒன்பது சைபர்தான், டிரில்லியனுக்குப் பன்னெண்டு. இந்த முறையில பி-க்கும் ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல, ஆனா அமெரிக்கா இதத்தான் புடிச்சிக்கிச்சு. பிரிட்டிஷ்காரன் பழசையே வச்சிக்கிட்டான். வேடிக்கை என்னன்னா ரெண்டையும் பெத்த பிரான்ஸ் 1961-ல சட்டம் போட்டு திரும்பவும் ஆறு சைபர் முறைக்கே போயிடுச்சு, அங்க ஒன்பது சைபருக்குப் பேரு மில்லியார்ட்.

நமக்கு சம்பந்தப்பட்டது பிரிட்டிஷ் கதைதான், ஏன்னா மலாயாவுல உங்க அப்பா காலத்துப் புள்ளைங்க படிச்சதெல்லாம் லண்டன்ல அச்சான பொஸ்தகம். 1974 டிசம்பர் 20-ம் தேதி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துல ஒரு உறுப்பினர், மந்திரிங்க பில்லியன்னு சொன்னா பழைய பிரிட்டிஷ் அர்த்தத்துலதான் சொல்லணும்னு உறுதி குடுப்பீங்களான்னு எழுத்துல கேட்டாரு, பிரதமர் ஹெரால்ட் வில்சன் முடியாதுன்னுட்டாரு. உலகம் பூரா இப்ப அது ஆயிரம் மில்லியன்தான், நாம வேற அர்த்தத்துல சொன்னா கொழப்பம்தான் வரும்ங்கறது அவரு பதிலோட சாரம். அன்னிலேருந்து பிரிட்டிஷ் அரசாங்கக் கணக்குல பில்லியன் ஆயிரத்துல ஒரு பங்கா சுருங்கிப் போச்சு. அரசாங்கம் மாத்தினா மக்கள் நாக்கு ஒடனே மாறிடுமா, அகராதிக்காரங்க அதுக்கப்புறமும் ரொம்ப நாளைக்கு ரெண்டு அர்த்தத்தையும் பக்கத்துல பக்கத்துல போட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க.

ஐரோப்பாவுல பாதிப் பேரு இன்னும் மாறல, அது மறந்துடக் கூடாது. ஜெர்மன் மொழியில பில்லியன்னா இன்னிக்கும் பன்னெண்டு சைபர். 1923 நவம்பர்ல அங்க பணவீக்கம் உச்சியில இருந்தப்போ ஒரு அமெரிக்க டாலருக்கு 4,200,000,000,000 மார்க். அத ஜெர்மன்காரன் 4.2 பில்லியன்னு எழுதுவான், அமெரிக்கன் 4.2 டிரில்லியன்னு எழுதுவான், ரெண்டு பேரும் எழுதறது ஒரே தொகை. ஒரே பாஷை பேசறவங்களுக்குள்ளயே கூட இது நடக்குது, போர்த்துகல்ல அந்தச் சொல்லுக்குப் பன்னெண்டு சைபர், பிரேசில்ல ஒன்பது. அதனால ஐரோப்பாவுல இருந்து ஒரு பேப்பர் கைக்கு வந்தா, அது இங்கிலீஷ்ல இருந்தாலும், எழுதினவன் தாய்மொழி என்னன்னு ஒரு நிமிஷம் யோசிக்கறது நல்லது.

ஆனா அவ்வளவு தூரம் போகவே வேணாம், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கற மேடானே போதும். மலாய்ல ஆயிரத்துக்கு ரீபு, மில்லியனுக்கு ஜூத்தா, அதுக்கு மேல பிலியன், திரிலியன். இந்தோனேசியாவுல ரீபு, ஜூத்தா வரைக்கும் அதே பேருதான், அதுக்கு மேல ஒன்பது சைபருக்கு மிலியார்னு டச்சுக்காரன் விட்டுட்டுப் போன சொல்லு, பன்னெண்டு சைபருக்கு திரிலியுன். இதுல கண்ணி எங்கன்னா சுருக்கெழுத்துல. அவங்க எண்ணுக்குப் பின்னால ஒத்தை எம் எழுத்து போட்டா அது மிலியார், மில்லியன் இல்ல, ஆயிரம் மில்லியன். ஜூத்தாவுக்கு அவங்க ஜேடின்னு போடுவாங்க. அதுக்கு மேல, நாம கமா போடற எடத்துல அவங்க புள்ளி வைப்பாங்க, நாம புள்ளி வைக்கற எடத்துல கமா.

2015 வாக்குல எனக்கு விழுந்த அடி இதுதான். ஒரு கண்டெய்னர் கிராம்பு, பத்து டன், புது ஆளுகிட்ட இருந்து மொத தடவையா எடுக்கறோம். போன்ல வெல வந்துச்சு, '1,2 எம்' அவ்வளவுதான், முன்னாலயும் ஒண்ணும் இல்ல பின்னாலயும் ஒண்ணும் இல்ல. கமாவ நான் சரியாத்தான் புள்ளியா படிச்சேன், எம்-ம மட்டும் மில்லியனா படிச்சிட்டேன். எக்ஸெல்ல 1,200,000 ரூப்பியான்னு தட்டி, வெள்ளிக்கு, அதாவது மலேசிய ரிங்கிட்டுக்கு மாத்தி, மத்த சரக்கோட சேத்து மாசக் கணக்க பிரிண்ட் எடுத்து தவுக்கே மேசையில வச்சிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். திரும்பி வந்தா மனுஷன் கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்கிட்டு அந்தத் தாளயே பாத்துக்கிட்டு இருக்காரு. அவருக்குத் தெரிஞ்ச அரைகொறத் தமிழும் மலாயும் கலந்து கேட்டாரு, கிராம்பு கிலோ நாலு காசா, இந்த வெலைக்குன்னா எனக்கு ஒரு கப்பல் சொல்லு லா. அப்பத்தான் கணக்குப் போட்டுப் பாக்கறேன், 1.2 மில்லியன பத்தாயிரம் கிலோவால வகுத்தா கிலோவுக்கு 120 ரூப்பியா வருது, அதுக்கு ஒரு முட்டாய் கூட வராது. நெச வெல கிலோவுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூப்பியா. முந்நூத்தி சொச்சம் வெள்ளின்னு நான் போட்டு வச்ச எடத்துல மூணு லட்சத்து சொச்சம் வெள்ளி வந்து நிக்குது, பேங்க்ல பணத்துக்கு ஏற்பாடே பண்ணல, அடுத்த ரெண்டு நாள் நான் எப்படி ஓடினேன்னு கேக்காதீங்க. அன்னிலேருந்து எந்த வெலை வந்தாலும் முழு எண்ணா, எல்லா சைபரோடயும் ஒரு தடவ எழுதி அனுப்பச் சொல்லிக் கேக்கறேன், கிலோவுக்கு வகுத்தும் பாத்துடறேன். பேரு ஏமாத்தும், ஒரு கிலோ வெல ஏமாத்தாது.

தவுக்கேவோட பாஷையே தனி வெட்டு. சீனர்கள் நாலு நாலு சைபரா வெட்டறாங்க, ஹொக்கியன்ல பான்னா பத்தாயிரம். கோ பான்னா அம்பதாயிரம், சாப் பான்னா பத்து பான், அதாவது நம்ம லட்சம். அவரு சாப் பான்னு சொன்னதும் பத்துன்னு காதுல விழுந்து பத்தாயிரம்னு கை எழுதிடும், அது மண்டையில ஏற எனக்கு ஆறு மாசம் ஆச்சு. அதுக்கு மேல எட்டு சைபருக்குத்தான் அவங்களுக்கு அடுத்த தனிப் பேரு, நம்ம பத்து கோடி. அவங்ககிட்டயும் இந்த வியாதி இருக்கு, ஜாவ்னு ஒரு எழுத்து, தைவான்ல அதுக்குப் பன்னெண்டு சைபர், சீனாவுல கம்ப்யூட்டர்காரங்க அதையே மெகாவுக்கு, அதாவது ஆறு சைபருக்குப் போடறாங்க.

நம்ம லட்சமும் கோடியும் மட்டும் என்ன ஒழுங்காவா கப்பல் ஏறி வந்துச்சு. பழைய மலாய்ல லக்சான்னா பத்தாயிரம், கெத்தின்னா ஒரு லட்சம். லக்சா நம்ம லட்சந்தான், கெத்தி நம்ம கோடிதான், ரெண்டும் வடமொழியில இருந்து வந்தது. வர்ற வழியில லட்சம் பத்துல ஒரு பங்கா எளைச்சிடுச்சு, கோடி நூத்துல ஒரு பங்கா போயிடுச்சு. இப்ப யாரும் பேச்சுல சொல்றதில்ல, ஹிக்காயாத்னு சொல்ற பழைய மலாய்க் கதைங்கள படிச்சா படை எத்தனை பேருன்னு வர்ற எடத்துல கண்ணுல படும். நம்ம பினாங்கு நூடுல்ஸ் சாப்பாடு அசாம் லக்சாவுக்கும் இதுக்கும் உறவு இருக்குன்னு ஒரு கட்சி, அத்தனை இழை இருக்கறதால அந்தப் பேருன்னு, இல்ல அது பாரசீகத்துல நூடுல்ஸுக்குச் சொல்ற சொல்லுன்னு இன்னொரு கட்சி. நான் எந்தக் கட்சியிலயும் இல்ல, சாப்பிடறதோட சரி.

இப்ப தமிழுக்கு வரேன். இந்த வரிகள மட்டும் மனப்பாடம் பண்ணிட்டா போதும்: பத்து லட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி பத்து மில்லியன், நூறு கோடி ஒரு பில்லியன், லட்சம் கோடி ஒரு டிரில்லியன். தப்பு நடக்கறது பெரும்பாலும் மில்லியனுக்கும் கோடிக்கும் நடுவுலதான், ஏன்னா ரெண்டும் 'ரொம்பப் பெரிய காசு'ங்கற ஒரே அறையில மனசுக்குள்ள ஒக்காந்திருக்கு. 2015-ல நாடே 2.6 பில்லியன் வெள்ளிய பத்திப் பேசிக்கிட்டு இருந்தப்போ எங்க தெரு டீக்கடையில ஒருத்தர் 26 கோடின்னாரு, ஒருத்தர் 2,600 கோடின்னாரு, சரியான கணக்கு 260 கோடி. 2018 மே மாசம் புது அரசாங்கம் வந்து நாட்டுக் கடன் ஒரு டிரில்லியன் வெள்ளின்னு சொன்னப்போ அதையே ஆயிரம் கோடின்னு சொன்னவங்க எத்தனையோ பேரு. ஆயிரம் கோடி பத்து பில்லியன்தான், நூத்துல ஒரு பங்கு. திருப்பிப் பாத்தாலும் அதே கத, இந்தியத் தணிக்கைத் துறை 2010-ல 2ஜி அலைக்கற்றையில 1.76 லட்சம் கோடி ரூபா இழப்புன்னு அறிக்கை குடுத்தப்போ (2017-ல விசாரணை நீதிமன்றம் எல்லாரையும் விடுதலை பண்ணிடுச்சு, அது வேற விஷயம்) அத இங்க 176 பில்லியன்னு மாத்திச் சொன்ன ஆளு எனக்குத் தெரியும், அது 1,760 பில்லியன், இல்லன்னா 1.76 டிரில்லியன் ரூபா.

கமாவும் ஒரு காரணம். இந்தியாவுல மொத மூணுக்கு அப்புறம் ரெண்டு ரெண்டா கமா விழும், 12,50,000 அப்படின்னு. இங்க மூணு மூணா, 1,250,000. எங்க கடைக்குப் புதுசா வந்த பொண்ணு ஒண்ணு இந்திய இன்வாய்ஸப் பாத்து, நடுவுல ரெண்டு இலக்கம்தான் இருக்கு, ஒரு சைபர் விட்டுப் போச்சு போலன்னு நல்ல மனசோட சேத்து 12,500,000-ன்னு ஏத்திடுச்சு. பன்னெண்டரை லட்சம் ஒண்ணே கால் கோடியாயிடுச்சு. திட்டத் தோணல, கிராம்பு ஞாபகம் வந்துச்சு. பள்ளிக்கூடப் பாடநூல்ல கமாவே இல்லாம எடவெளி விட்டு 1 250 000-ன்னு போடறாங்களே, அது இந்தச் சண்டைக்கெல்லாம் போகாத முறை, ஆனா கையால எழுதறப்போ எடவெளி எங்கன்னு தெரியாது.

வாட்ஸ்அப் பட்டியல். இதுல உறுதியா சொல்லக்கூடியது எது, சொல்ல முடியாதது எதுன்னு பிரிச்சிடலாம். தமிழ்ல கோடியத் தாண்டிப் பெரிய எண்ணுப் பேருங்க பழங்காலத்துலயே இருந்தது உறுதி. ஐ, அம், பல்னு முடியற எண்ணுப் பேருங்க இருக்குன்னு தொல்காப்பியம் எழுத்ததிகாரத்துல இருக்கு, உரைகாரங்க அதுக்கு தாமரை, வெள்ளம், ஆம்பல்னு உதாரணம் குடுக்கறாங்க. பரிபாடல் ரெண்டாம் பாட்டுல நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம்னு காலக் கணக்கா அடுக்கி வருது. பாதிக்கு மேல பூவு பேரு, எனக்கு அது ரொம்பப் புடிக்கும், எண்ணி முடியாத கொளத்தப் பாத்து வச்ச மாதிரி. ஆனா அந்த எடத்துல எதுலயும் இதுக்கு இத்தனை சைபர்னு எழுதல. சைபர் எண்ணிக்கையெல்லாம் பின்னால வந்த பட்டியல்கள்ல இருக்கறது, அந்தப் பட்டியல்களும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகாது. அற்புதத்தையே எடுத்துக்குங்க, அது வடமொழி அர்புதம். யஜுர்வேதத்துல அதுக்கு ஏழு சைபர், ஆரியபட்டர்கிட்ட எட்டு சைபர், இன்னிக்கு இந்தியில அரப்னு சொன்னா ஒன்பது சைபர். உங்க பட்டியல்ல எட்டுன்னு போட்டிருப்பாங்க. மூணுல எது சரின்னு கேட்டா மூணும் அதது எடத்துல சரி.

வெள்ளம்னதும் கம்பராமாயணத்துல வானரப் படை எழுபது வெள்ளம்னு வருமே, பட்டிமன்றத்துல கூட அடிக்கடி சொல்லுவாங்க. அத சைபர் வச்சுப் புரிஞ்சிக்கப் பாத்தா மாட்டிக்குவீங்க, ஏன்னா அது படைக் கணக்கு. ஒரு அக்குரோணின்னா 21,870 யானை, அதே அளவு தேரு, 65,610 குதிரை, 1,09,350 காலாளு. இந்த அக்குரோணிய அடியா வச்சு எட்டெட்டா பெருக்கிக்கிட்டே போயி வெள்ளத்துல முடிக்கற கணக்கு ஒண்ணு சொல்லுவாங்க. அதுல பத்தோட அடுக்கே கெடையாது. வாட்ஸ்அப் பட்டியல்ல வெள்ளத்துக்குப் பதினாறு சைபர்னு போட்டு அதையும் இதையும் ஒரே வரியில நிறுத்தினா, மரக்காலையும் முழத்தையும் கூட்டின மாதிரி. நம்ம மொழியில பேரு இல்லன்னு நான் சொல்ல வரல, அந்தப் பேர வச்சு ஒரு பில்லு எழுத முடியாதுன்னுதான் சொல்றேன். கோடிக்கு மேல போகணும்னா ஆயிரம் கோடி, லட்சம் கோடின்னு அடுக்கிக்கிட்டுப் போறதுதான் எல்லாருக்கும் புரியற தமிழ், தமிழ்நாட்டுப் பேப்பர்லயும் அதான்.

விஞ்ஞானிங்க இந்தத் தலவலியெல்லாம் வேணாம்னு பத்தோட அடுக்கா எழுதிட்டுப் போயிடறாங்க, இல்லன்னா கிலோ, மெகா, கிகா, டெரான்னு போறாங்க. கிகான்னா ஜெர்மனியிலயும் ஒன்பது சைபர், ஜாகர்த்தாவுலயும் ஒன்பது சைபர். 2022 நவம்பர்ல கூட ரொன்னா, குவெட்டான்னு ரெண்டு புதுசா சேத்திருக்காங்க, 27 சைபர், 30 சைபர். ஆனா அங்கயும் பூச்சி புகுந்திடுச்சு. ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் வாங்கிச் சொருகினா விண்டோஸ்ல 931 ஜிபின்னு காட்டும், கடைக்காரன் ஏமாத்திட்டான்னு எங்க கடைப் பையன் சண்டைக்கே போயிட்டான். டிஸ்க் பண்றவன் ஆயிரம் ஆயிரமா எண்றான், கம்ப்யூட்டர் 1024, 1024-ஆ எண்ணுது, அவ்வளவுதான் விஷயம். கூகோல்னும் ஒரு பேரு உண்டு, ஒண்ணு போட்டு நூறு சைபர், எட்வர்ட் காஸ்னர்ங்கற அமெரிக்கக் கணித அறிஞரோட கூடப் பொறந்தவங்க புள்ள, ஒன்பது வயசுப் பையன், வெளையாட்டா வச்ச பேரு. அதுக்கு ரெண்டு அர்த்தம் கெடையாது, ஏன்னா அத வச்சு யாரும் யாபாரம் பண்றதில்ல.

பையன் வீட்டுப்பாடத்துக்கு ஒன்பது சைபர் போட்டு, பில்லியன்னு எழுதி, பக்கத்துல நூறு கோடின்னும் எழுதச் சொல்லுங்க, யாரும் தப்புன்னு போட முடியாது. அப்பாவோட அகராதிய மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க. மொத தாளத் திருப்பி அச்சான வருஷம் என்னன்னு பாருங்க, அப்படியே டிரில்லியனுக்கும் என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க, பழைய பிரிட்டிஷ் பதிப்பா இருந்தா பதினெட்டு சைபர் இருக்கணும்.